எண்ணத் தெரியாத இயந்திரம்

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கணினியின் கோப்பில் பதிவாவது ஐந்தே குறிகள்: ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஜே வரும் இடத்தில் 'த' வடிவத்தையும், கே வரும் இடத்தில் 'ம' வடிவத்தையும் திரையில் வரையும்படி எழுத்துருவைச் செய்திருந்தார்கள். அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. யுனிகோடு பரவுவதற்கு முன் இணையத்தில் ஏறிய தமிழ் இப்படி ஏதாவதொரு வேடத்தில்தான் இருந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடத்திலும் பாமினி, வேறு இடங்களில் டிஸ்கி, டேப், டேம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை.

வேடத்தைக் கலைத்துத் தமிழை மீட்க ஒரே ஒரு தகவல் போதும்: எந்த எழுத்துரு? அந்தப் பெயர், வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியின் 'ஃபான்ட்' டேக்குக்குள், அதாவது பக்கத்தை எப்படிக் காட்டுவது என்று உலாவிக்குச் சொல்லும் குறிக்குள், இருக்கும். படிப்பவர் கண்ணில் அது படாது. பழைய பக்கங்களைத் துப்புரவு செய்ய உட்காருகிறவரோ, டேக்குகளை முதலில் துடைத்து எறிவார். ஒரே வரிக் கட்டளை, அரை விநாடி வேலை. முடிந்ததும் மிஞ்சுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எந்த அட்டவணையைக் கொண்டு படிப்பது என்று சொல்ல யாருமில்லை. ஒரு கோப்புத் தொகுதியை நானே இப்படிக் கெடுத்திருக்கிறேன். மூலப்படி இல்லை. பக்கம் பக்கமாக ஊகித்து மீட்டேன்; சில பக்கங்கள் மீளவே இல்லை. அந்த ஒரு வரிக் கட்டளை எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது, ஏன் தவறியே தீரும் என்பதை அன்றைக்குத்தான் முறையாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

அந்தக் கட்டளைக்குள் இருப்பது ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன். நிரலாளர்கள் சுருக்கமாக ரெஜெக்ஸ் என்பார்கள். தமிழில் சுருங்குறித்தொடர் என்றும் எழுதுகிறார்கள். எழுத்துகளின் வரிசையில் ஒரு வடிவத்தைத் தேடச் சொல்லும் குறிப்பு அது. புள்ளி வைத்தால் 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள். உடுக்குறி வைத்தால் 'முன்னால் உள்ளது எத்தனை முறை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி'. டேக் என்பது < குறியில் தொடங்கி > குறியில் முடிவது. ஆகவே டேக்கைப் பிடிக்க <.*> என்று எழுதலாம் என்று முதல்முறை எழுதும் எவருக்கும் தோன்றும்.

ஒரு மளிகைப் பட்டியலில் ஓட்டிப் பார்ப்போம். படிக்க எளிதாக இருக்க டேக் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

<தடி>அரிசி</தடி> ஐந்து கிலோ, <தடி>உளுந்து</தடி> ஒரு கிலோ

<.*> வடிவத்துக்குப் பொருந்துவதை எல்லாம் அழித்தால் மிஞ்சுவது 'ஒரு கிலோ' மட்டும். உடுக்குறிக்குப் பேராசை அதிகம். எவ்வளவு தூரம் விழுங்க முடியுமோ அவ்வளவும் விழுங்கும். முதல் < குறியில் வாயைத் திறந்தது, வரியின் கடைசி > குறியில்தான் மூடியது. அரிசியும் உளுந்தும் உள்ளே போய்விட்டன. நிரலாளர்களே இதைப் பேராசை என்றுதான் சொல்கிறார்கள். <.*?> என்று ஒரு கேள்விக்குறியைச் சேர்த்தால் ஆசை அடங்கி, அருகில் இருக்கும் > குறியோடு நின்றுகொள்ளும். இன்னும் நல்லது <[^>]*> என்று எழுதுவது: தொடக்கக் குறி, பிறகு > அல்லாத எழுத்துகள் எத்தனையானாலும், பிறகு முடிவுக் குறி. உலகில் எச்டிஎம்எல்லைத் துடைக்க மிக அதிகமாகப் பயன்பட்ட வடிவம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

நன்றாகவே வேலை செய்யும், ஒரு படத்தின் விளக்கத்தில் 5 > 3 என்று யாராவது எழுதும் வரைக்கும். மேற்கோள் குறிகளுக்குள் > குறி வருவதை எச்டிஎம்எல் அனுமதிக்கிறது. நம் வடிவம் அங்கேயே டேக் முடிந்ததாக நினைத்து, 3 முதல் மீதியை வாசகருக்கான உரையாகக் கொட்டிவிடும். இன்னொரு சிக்கல் சொற்கள் ஒட்டிக்கொள்வது. <உருப்படி>அரிசி</உருப்படி><உருப்படி>பருப்பு</உருப்படி> என்ற பட்டியலில் டேக்குகளை அழித்தால் 'அரிசிபருப்பு' கிடைக்கும். பிறகு பருப்பைத் தேடுகிறவருக்குப் பருப்பு கிடைக்காது. சரி, ஒவ்வொரு டேக்கின் இடத்திலும் ஓர் இடைவெளி வைக்கலாமா? 'த<தடி>மி</தடி>ழ்' என்று ஒரு சொல்லின் நடுவெழுத்தை மட்டும் தடித்துக் காட்டியிருந்தால் சொல்லே மூன்றாக உடையும். எந்த டேக் பத்தியைப் பிரிப்பது, எது சொல்லுக்குள் புழங்குவது என்று தெரிந்தால்தான் சரியாகத் துடைக்க முடியும். வடிவத்தில் அந்த அறிவு கிடையாது.

இதுவரை சொன்னவற்றைக் கூடுதல் கவனத்தால் ஒட்டுப்போட்டு விடலாம். ஒட்டுப்போடவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அதைக் காண ரெஜெக்ஸ் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

அது பிறந்தபோது எச்டிஎம்எல் இல்லை. 1943-ல் வாரன் மெக்கலோக்கும் வால்ட்டர் பிட்ஸும் மூளையின் நரம்பணுக்களை, உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் சிறு தர்க்கக் கருவிகளாகக் கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அத்தகைய நரம்பு வலை ஒன்றால் எந்தெந்த நிகழ்ச்சி வரிசைகளை அடையாளம் காண முடியும் என்ற கேள்வியை 1951-ல் ராண்ட் நிறுவனத்துக்காகக் கணிதவியலாளர் ஸ்டீஃபன் கிளீனி எடுத்துக்கொண்டார். ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பது, இது அல்லது அது என்று தேர்வது, திரும்பத் திரும்ப வருவது: இந்த மூன்று செயல்களால் கட்டக்கூடிய வரிசைகளை மட்டுமே அந்த வலையால் அடையாளம் காண முடியும் என்று நிறுவினார். திரும்பத் திரும்ப வருவதற்கு அவர் வைத்த அடையாளம்தான் நாம் பார்த்த உடுக்குறி. இன்றும் அதற்குக் கிளீனி உடு என்றே பெயர். அந்த வரிசைகளுக்கு 'ரெகுலர்' என்று பெயர் சூட்டிவிட்டு, இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தார். யாரும் தரவில்லை போலிருக்கிறது. தற்காலிகமாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

1968-ல் கென் தாம்சன் இதை ஆவணங்களில் தேடும் கருவியாக மாற்றி, ஐபிஎம் 7094 கணினிக்கு இயந்திர மொழிக் கட்டளைகளை ஆக்கித் தரும் வழியை வெளியிட்டார். அவருடைய 'ஈடி' தொகுப்பானில் ஒரு வடிவத்தைக் கோப்பு முழுக்கத் தேடி அச்சிடும் கட்டளையின் சுருக்கமே பிறகு 'கிரெப்' என்ற நிரலின் பெயரானது. நரம்பணுவிலிருந்து கிரெப்புக்கு வந்த தூரம் முழுவதிலும் அடிப்படை மாறவில்லை. உள்ளே இருப்பது எண்ணிக்கையில் முடிவுள்ள நிலைகளைக் கொண்ட ஓர் இயந்திரம். ஓர் எழுத்தைப் படிக்கும், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நகரும். எந்த நிலையில் நிற்கிறோம் என்பதைத் தவிர வேறெதுவும் அதற்கு நினைவில்லை.

இந்த நினைவுக் குறைவு எங்கே காட்டிக்கொடுக்கிறது என்று பார்ப்போம். எச்டிஎம்எல்லில் பெட்டிக்குள் பெட்டி வைக்கலாம். அதற்குள் இன்னொரு பெட்டி. ஏழு பெட்டிகளைத் திறந்தால் ஏழையும் மூட வேண்டும். திறந்தவையும் மூடியவையும் சமமா என்று சொல்லும் இயந்திரம் ஒன்று இருப்பதாகவும், அதற்குப் பத்து நிலைகள் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினோரு பெட்டிகளைத் திறந்துகொண்டே போகிறோம். ஒவ்வொரு திறப்புக்குப் பிறகும் அது எந்த நிலையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறோம். பதினோரு பேருக்குப் பத்து நாற்காலி. யாரோ இருவர் ஒரே நாற்காலியில்தான் உட்கார வேண்டும். மூன்றாவது திறப்புக்குப் பிறகும் ஏழாவது திறப்புக்குப் பிறகும் அது ஒரே நிலையில் நின்றது என்போம். இப்போது மூன்று மூடல்களைக் கொடுக்கிறோம். மூன்று திறந்து மூன்று மூடியது சரி என்று சொன்னால், ஏழு திறந்து மூன்று மட்டும் மூடியதையும் அது சரி என்றே சொல்லும். இரண்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நிலைகளை ஆயிரமாக்கினாலும் ஆயிரத்தோராவது பெட்டி காத்திருக்கும். முழு நிரூபணமும் இவ்வளவுதான். கணினி அறிவியலில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய உண்மை கிடைப்பது அபூர்வம்.

நடைமுறையில் இது எப்படி வலிக்கும்? ஒரு செய்திப் பக்கத்தில் விளம்பரப் பெட்டியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். பெட்டி தொடங்கும் டேக்கிலிருந்து அது முடியும் டேக் வரை என்று வடிவம் எழுதுவீர்கள். விளம்பரத்துக்குள் இன்னொரு சிறு பெட்டி இருந்தால் சிறு பெட்டியின் மூடலிலேயே வெட்டு நின்றுவிடும். விளம்பரத்தின் வால் கட்டுரையில் தொங்கும். பேராசை வடிவத்தை வைத்தாலோ பக்கத்தின் கடைசி மூடல் வரை போய்க் கட்டுரையையும் சேர்த்து வெட்டும். நடுவில் சரியாக நிற்க, எத்தனை பெட்டிகள் திறந்திருக்கின்றன என்று எண்ணத் தெரிய வேண்டும்.

எண்ணுவதற்கு ஓர் அடுக்கு போதும். பெட்டியைத் திறக்கும்போது அடுக்கின் மேல் ஒரு தட்டு, மூடும்போது மேல்தட்டை எடுத்துவிடுவது. அடுக்கு காலியானால் எல்லாம் மூடியாயிற்று. 1956-ல் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி மொழி இலக்கணங்களை அவற்றின் வலிமைப்படி பிரித்தபோது, முடிவுள்ள நிலைகளோடு நிற்பவற்றைக் கீழ்ப்படியிலும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவற்றை அதற்கு மேல்படியிலும் வைத்தார். இந்தத் துறைக்குத் தமிழ்நாட்டிலும் வேர் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து, வாசலில் போடும் கோலங்களை இத்தகைய இலக்கண விதிகளால் பிறப்பிக்கலாம் என்று 1974-ல் எழுதினார்கள். கோலமும் ஒரு மொழிதான் என்று கணிதம் ஒப்புக்கொண்ட இடம் அது. இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டிய வேலை.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இன்றைய ரெஜெக்ஸ் கருவிகள் கிளீனியின் எல்லைக்குள் நிற்பவை அல்ல. பெர்ல் என்ற நிரல்மொழியின் வழியில் வந்த சில கருவிகளில் ஒரு வடிவம் தன்னையே திரும்ப அழைக்கலாம். அதைக் கொண்டு பெட்டிக்குள் பெட்டியை எண்ணவும் முடியும். ஆனால் எண்ணினாலும் எச்டிஎம்எல் பிடிபடாது. ஏனென்றால் நிஜ உலகின் எச்டிஎம்எல் ஒழுங்காக அடங்கியதே இல்லை. பத்தியைத் திறந்தால் மூடாமல் விடலாம், பட்டியல் உருப்படியையும் மூடாமல் விடலாம். 1986-ல் சர்வதேசத் தரமான, எச்டிஎம்எல்லின் முன்னோடியான எஸ்ஜிஎம்எல்லிலிருந்து வந்த வழக்கம் அது. தடித்த எழுத்தைத் திறந்து, சாய்வெழுத்தைத் திறந்து, முதலில் தடித்ததை மூடினால் அது பிழை. இருந்தும் உலாவிகள் முகம் சுளிக்காமல் காட்டிவிடும். அந்தப் பக்கங்கள் மக்கள் கையால் எழுதியவை; அவற்றைக் காட்ட மறுத்த உலாவியை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். 2000-ல் எக்ஸ்எச்டிஎம்எல் என்ற கண்டிப்பான வடிவம் தரமாக அறிவிக்கப்பட்டது. இணையம் அதற்கு இணங்கவில்லை. 2004-ல் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் வேறு வழியைத் தேர்ந்தார்கள்: பிழையான பக்கத்தையும் எல்லா உலாவிகளும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும்படி, பிழைகளைக் கையாளும் முறையையே வரி வரியாகத் தரத்தில் எழுதுவது.

அந்தத் தரத்தைப் படிக்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. உலாவி ஒரு பக்கத்தை இரண்டு கட்டமாகப் படிக்கிறது. முதல் கட்டம் எழுத்துகளை டேக், உரை, குறிப்பு என்று துண்டாக்குவது. அதைச் செய்வது 80 நிலைகள் கொண்ட நிலை இயந்திரம். கிளீனியின் நரம்பு வலைக்கு நெருங்கிய உறவு. மேற்கோளுக்குள் இருக்கிறோமா, டேக்கின் பெயரில் இருக்கிறோமா, குறிப்புக்குள் இருக்கிறோமா என்பதற்கெல்லாம் தனித்தனி நிலை உண்டு. இரண்டாம் கட்டம்தான் அடுக்கை வைத்துக்கொண்டு, எது எதற்குள் அடங்கும் என்று மரமாகக் கட்டுகிறது. ஆகவே ரெஜெக்ஸுக்கு எச்டிஎம்எல்லில் நியாயமான இடம் உண்டு, அது கீழ்த்தளம். ஒரு டேக் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்கலாம். எது எதற்குள் இருக்கிறது என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்குப் பார்சர் எனப்படும் முழுமையான பகுப்பான் நிரல் இருக்கிறது.

கீழ்த்தள வேலைகளில் ரெஜெக்ஸுக்கு நிகர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேர்ட் 2000-ல் எழுதி வலைப்பக்கமாகச் சேமித்த ஆவணத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கக் கட்டுரைக்கு எத்தனையோ பக்கம் ஒப்பனைக் குறிப்புகள், உள்ளே ஒன்றுமில்லாத வெற்று டேக்குகள், வரிசையாக உடையா இடைவெளிகள். டேவ் ராகெட் தாம் எழுதிய 'டைடி' என்ற துப்புரவு நிரலில் வேர்ட் 2000-க்கென்றே தனி விருப்பம் ஒன்று வைத்திருந்தார். இத்தகைய குப்பை ஒரே அச்சில் வார்த்தது. அடுத்த ஆவணத்திலும் அதே அச்சில் வரும். வடிவம் தெரிந்த குப்பையைக் கூட்ட ரெஜெக்ஸே போதும். அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். உள்டேக் போனபின் வெளிடேக்கும் வெறுமையாகியிருக்கும்.

ஆனால் மறுபடி ஓட்டுவது என்பது ஆபத்தான உள்ளடக்கத்தை வடிகட்டும்போது வேறு முகம் காட்டும். 'ஸ்கிரிப்ட்' என்ற டேக்கை அழி என்று ஒரு வடிகட்டி. ஒருவர் <ஸ்கி<ஸ்கிரிப்ட்>ரிப்ட்> என்று எழுதி அனுப்புகிறார். நடுவில் இருப்பதை வடிகட்டி அழிக்கிறது. இரண்டு பக்கத் துண்டுகளும் ஒன்று சேர்ந்து முழு டேக்காக எழுந்து நிற்கின்றன. வடிகட்டியே அதைச் செய்து கொடுத்துவிட்டது. 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் நடந்ததும் இந்த இனத்தைச் சேர்ந்தது. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லை அந்தத் தளம் வெட்டி எறியும். சாமி காம்கார் என்பவர் அந்தச் சொல்லை நடுவில் ஒரு வரிமுறிவு வைத்து இரண்டாக எழுதினார். வடிகட்டிக்கு அது வேறு சொல், சில உலாவிகளுக்கு அதே சொல். அவர் எழுதிய நிரல் பக்கத்துக்குப் பக்கம் தன்னைத் தானே நகலெடுத்து, 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் பரவியது. அந்நியர் எழுதிய எச்டிஎம்எல்லை ரெஜெக்ஸால் சுத்தம் செய்து காட்டவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். முழுவதும் பார்சரால் பகுத்து, அனுமதித்த டேக்குகளை மட்டும் கொண்டு புதிதாக எழுதித்தர வேண்டும்.

இன்னொரு விபத்து வேகம் சார்ந்தது. பல ரெஜெக்ஸ் கருவிகள் ஒரு வழியில் போய்ப் பார்த்து, பொருந்தாவிட்டால் திரும்பி வந்து அடுத்த வழியில் போகும். 2016 ஜூலை 20 அன்று, நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. வரி முனைகளில் உள்ள வெற்றிடத்தை நறுக்கும் எளிய வடிவம் ஒன்றுதான் காரணம். ஓர் இடுகையில் சுமார் 20,000 வெற்றிட எழுத்துகள் தொடர்ந்து இருந்தன, ஆனால் வரி அவற்றோடு முடியவில்லை. முதல் வெற்றிடத்திலிருந்து 20,000 அடி நடந்து ஏமாந்தது. திரும்பி இரண்டாவதிலிருந்து 19,999. இப்படியே கூட்டினால் 20 கோடி அடி. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில், தாக்குதலுக்காக நுழைக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டைப் பிடிக்க எழுதிய விதி ஒன்றில் .* இரண்டு முறை அடுத்தடுத்து நின்றது. அதன் கணினிகள் திணறி, அதை நம்பிய தளங்கள் 27 நிமிடம் தடுமாறின. தாம்சனின் 1968-ஆம் ஆண்டு முறையில் இந்தப் பள்ளமே கிடையாது. எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் ஓரோர் அடியாக நடப்பது அது. கூகுள் 2010-ல் வெளியிட்ட ஆர்இ2 என்ற ரெஜெக்ஸ் கருவி அந்தப் பழைய வழிக்கே திரும்பியது. 1968-லேயே தீர்ந்த சிக்கலில் மறுபடி மறுபடி விழுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தமிழுக்கு வருவோம். டேக்குகளை நீக்கி யுனிகோடு உரை கையில் கிடைத்த பிறகும் ரெஜெக்ஸ் காலை வாரும் இடங்கள் உண்டு. புள்ளி 'ஓர் எழுத்து' என்றேனே, அது தமிழர் சொல்லும் எழுத்தில்லை, யுனிகோடின் ஒரு குறியீடு. 'கி' நமக்கு ஓரெழுத்து. அதற்கு ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடுபொறிக்கு வேறு வேறு. தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நெறிப்படுத்தல் அவசியம். பைத்தான் மொழியின் ரெஜெக்ஸிடம் 'சொல்லில் வரும் எழுத்துகளை எடு' என்று கேட்டு 'தமிழ்' என்பதைக் கொடுத்தால், 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டுகளைத் தரும். இகரக் குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. நிறுத்தற்குறிகளை நீக்குகிறேன் என்று பாமினிக் கோப்பில் கைவைத்தால் அரைப்புள்ளிகள் போகும். மெய்யெழுத்துகள் எல்லாம் அகரமேறி நிற்கும்.

மதுரைத் திட்டம் 1998-ல் பழந்தமிழ் நூல்களை மின்னாக்கத் தொடங்கியது; அவற்றை டிஸ்கியில் ஏற்றி வந்தது. பிறகு யுனிகோடுக்கு மாற்றியது. எந்தக் குறியேற்றத்திலிருந்து மாற்றுகிறோம் என்று தெரிந்திருந்ததால் அது முடிந்தது. சிற்றிதழ்கள், ஊர்ச் சங்கங்கள், புலம்பெயர்ந்தவர்கள் நடத்திய பக்கங்கள் பலவற்றுக்கு அப்படிப் பொறுப்பெடுக்க ஆளில்லை. யாருடைய பழைய வன்தட்டிலோ குறுவட்டிலோ அவை கிடக்கின்றன.

உங்களிடம் அத்தகைய கோப்புகள் இருந்தால் ஒரு வேண்டுகோள். முதலில் ஒரு நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். பிறகு நகலில் 'ஃபான்ட்' டேக்குகளை மட்டும் தேடி, அவற்றில் உள்ள எழுத்துருப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம். எந்தப் பத்திக்கு எது என்றும் குறியுங்கள். இந்தத் தேடலுக்கு ரெஜெக்ஸே போதும். அந்தப் பட்டியலைக் கொண்டு உரையை யுனிகோடுக்கு மாற்றி, படித்துப் பார்த்து, தமிழ்தான் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். டேக்குகளை அதற்குப் பிறகு நீக்குங்கள்.